பாயின்ட் ரேய்ஸ் கலங்கரை விளக்கம்: 313 படி இறங்கிப் பார்க்க வேண்டிய லென்ஸ்

சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடமேற்கே, பசிபிக் கடலுக்குள் சுமார் 10 மைல் நீண்டு கிடக்கும் நிலமுனையின் நுனியில் இருக்கிறது பாயின்ட் ரேய்ஸ் கலங்கரை விளக்கம். 1870 டிசம்பர் 1 அன்று முதன்முதலாக விளக்கேற்றினார்கள். 1975இல் பக்கத்திலேயே தானியங்கி விளக்கு வந்ததும் பழைய கோபுரம் தேசியப் பூங்காத் துறையின் பொறுப்புக்குப் போனது. கோபுரத்தின் உயரம் 37 அடிதான். ஏறிப் பார்க்க இங்கே ஒன்றுமில்லை. பாறை விளிம்பில் நின்று பார்த்தால் கோபுரத்தின் சிவப்புக் கூரை காலுக்குக் கீழே தெரியும். அங்கே போக 313 படி இறங்க வேண்டும். திரும்பி வர அதே 313 படியையும் ஏற வேண்டும்.

சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் ஒரு முழு நாளை ஒதுக்கிப் போகத் தகுந்த இடம் இது, அதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கடல் காட்சியை மட்டும் நம்பி வருபவர்களில் பலர் வெள்ளை மூடுபனியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். இங்கே பார்க்க வேண்டியது கோபுரத்துக்குள் இருக்கும் லென்ஸ். லென்ஸ் அறை எப்போது திறக்கிறது என்று தெரிந்துகொண்டு, அதைச் சுற்றித்தான் மற்ற எல்லாவற்றையும் திட்டமிட வேண்டும்.

எந்த நாள், எந்த நேரம் என்பதில்தான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். சில ஆண்டுகளாக வெள்ளி முதல் திங்கள் வரைதான் இந்த இடம் திறந்திருக்கிறது. செவ்வாய், புதன், வியாழனில் போனால் பூட்டிய கதவைத்தான் பார்க்கலாம். திறந்திருக்கும் நாட்களிலும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பார்வையாளர் மையம் திறந்திருக்கிறதா, படிக்கட்டு திறந்திருக்கிறதா, மேல்தளத்து லென்ஸ் அறை திறந்திருக்கிறதா. காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் படிக்கட்டை மூடிவிடுவார்கள். லென்ஸ் அறையைப் பிற்பகலில் கொஞ்ச நேரம்தான் திறப்பார்கள். அதுவும் அன்றைக்கு ஆள் இருந்தால்தான். மாலை நான்கு மணி வாக்கில் படிக்கட்டும் மூடத் தொடங்கும். அதனால் காலையில் அவசரமாகக் கிளம்பி, பதினொரு மணிக்குள் எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பினால் லென்ஸ் தவறிவிடும். மூன்றரைக்கு வந்து சேர்ந்தால் எல்லாமே தவறிவிடும். பகல் ஒரு மணிக்குப் பார்க்கிங்கில் இருப்பதுபோல வருவதே நல்லது. கிளம்பும் காலையில் பூங்காவின் இணையதளத்தில் அன்றைய நிலவரப் பக்கத்தைப் பாருங்கள், முடிந்தால் பார்வையாளர் மையத்துக்குப் போன் செய்து கேளுங்கள். முந்தின நாள் நிலவரத்தை நம்பிப் பயனில்லை, ஏனென்றால் காற்று ஒரே இரவில் மாறிவிடும். நுழைவுக் கட்டணம் கிடையாது.

சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தூரம் குறைவாகத் தெரியும், அதை நம்ப வேண்டாம். பூங்காவின் தலைமை மையமான பேர் வேலியிலிருந்தே இன்னும் 20 மைலுக்கு மேல் இருக்கிறது, வளைந்து வளைந்து போகும் அந்தச் சாலைக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். பழைய மாட்டுப் பண்ணைகளின் ஓரமாகப் போகும்போது சாலைக்குக் குறுக்கே இரும்புக் கம்பிகள் பதித்த மாட்டுத் தடுப்புகள் வரும், வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். வாந்தி எடுக்கும் குழந்தைகள் இருந்தால் வயிறு நிறையக் கொடுத்துக் கூட்டிவர வேண்டாம். பெட்ரோலையும் சாப்பாட்டையும் பாயின்ட் ரேய்ஸ் ஸ்டேஷன் ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள். கலங்கரை விளக்கத்தின் அருகே கடை எதுவும் இல்லை, போனில் சிக்னலும் பெரும்பாலும் இல்லை. வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்வது நல்லது. சாம்பல் திமிங்கலங்கள் வரும் மாதங்களின் வார இறுதிகளில் பார்க்கிங் சீக்கிரம் நிரம்பிவிடும். சில ஆண்டுகளில் அந்த நாட்களில் காரை வழியிலேயே நிறுத்தவைத்துப் பேருந்தில் அழைத்துப் போயிருக்கிறார்கள். குளிர்காலத்தில் போவதாக இருந்தால் இதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

இனி மூடுபனி. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மூன்றும் இங்கே மிக மோசமான மாதங்கள். கோடை விடுமுறையில் ஊரிலிருந்து வந்தவர்களைக் கூட்டிக்கொண்டு எல்லாரும் வருவது அப்போதுதான் என்பது வருத்தமான பொருத்தம். வடமேற்கிலிருந்து வீசும் காற்று கரையோரத்தின் மேல்மட்ட நீரை அப்பால் தள்ளிவிடுகிறது. அந்த இடத்துக்கு ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலே வருகிறது. ஈரமான கடற்காற்று அந்தக் குளிர்நீரைத் தொட்டதும் பனியாகத் திரள்கிறது. உள்நாட்டில் 30 டிகிரி வெயில் கொளுத்தும் நாளில் இந்த முனையில் 12, 13 டிகிரிதான் இருக்கும். அரைக்கால் சட்டையோடு வந்து இறங்குபவர்கள் பத்து நிமிடத்தில் காருக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

கோபுரம் இவ்வளவு கீழே இருப்பதற்கும் இந்தப் பனிதான் காரணம். பாறையின் உச்சி கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 அடி உயரம். பனி பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் தங்கும். அதன் அடியில் கடல் தெளிவாக இருக்கும். உச்சியில் விளக்கு வைத்தால் மேகத்துக்குள் வைத்த மாதிரிதான். கலிஃபோர்னியாவின் தென்கோடியில், சான் டியேகோ அருகே பாயின்ட் லோமாவில் அப்படித்தான் ஆயிற்று. 1855இல் 422 அடி உயரத்தில் ஏற்றிய விளக்கைப் பனியும் தாழ்ந்த மேகமும் ஓயாமல் மறைக்க, 1891இல் அதைக் கைவிட்டு அடிவாரத்தில் வேறொன்று கட்டினார்கள். பாயின்ட் ரேய்ஸில் பாறை முகத்தை வெடிவைத்துத் தகர்த்து, உச்சிக்கு ஏறக்குறைய 300 அடி கீழே சமதளம் உண்டாக்கி, அதில் கோபுரத்தை நிறுத்தினார்கள். மேலே நின்று பார்க்கும்போது ஒன்றும் தெரியாத நாளில்கூடப் பாதிப் படி இறங்கியதும் பனியின் அடிப்பக்கம் வந்து, கடல் திடீரென்று திறந்துகொள்வது உண்டு. ஆகவே பனியைக் கண்டதும் திரும்பிவிடாதீர்கள். படிக்கட்டு திறந்திருந்தால் இறங்குங்கள்.

தெளிந்த வானம்தான் வேண்டும் என்றால் அக்டோபரிலும், குளிர்காலத்தில் இரண்டு மழைக்கு நடுவே வரும் நாட்களிலும் வாய்ப்பு அதிகம். வசந்த காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், காற்று பொறுக்காது. இங்கே பதிவான உச்ச வேகம் மணிக்கு 133 மைல். 60 மைல் காற்று இந்த முனைக்குச் சாதாரணம்.

பார்க்கிங்கிலிருந்து பார்வையாளர் மையத்துக்கு அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவான தார்ப்பாதை, லேசான ஏற்றம். வழியில் சைப்ரஸ் மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்து பாதைக்கு மேல் கூரை போட்டிருக்கும். எந்தத் திசையிலிருந்து காற்று அடிக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம். காற்றைத் தடுக்கும் ஜாக்கெட், காதை மூடும் குல்லாய், பிடிப்புள்ள ஷூ மூன்றும் கட்டாயம். தொப்பியும் குடையும் கையில் நிற்காது. புடவையோ வேட்டியோ கட்டியவர்கள் படிக்கட்டில் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டிவரும், கைப்பிடிக் கம்பியைப் பிடிக்கக் கை இருக்காது. அன்றைக்குச் சுடிதாரோ பேன்ட்டோ போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நாய்க்கும் டிரோனுக்கும் அனுமதி இல்லை. கழிப்பறை வேலையை மேலேயே முடித்துக்கொண்டு இறங்குங்கள், கீழே கிடையாது.

படிகள் கான்கிரீட்டால் ஆனவை. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதியிருக்கிறது. இரண்டு பக்கமும் கைப்பிடி உண்டு, இடையிடையே உட்கார்ந்து மூச்சு வாங்க இடமும் உண்டு. இறங்கப் பத்து நிமிடம் போதும். ஏறுவது சுமார் 30 மாடிக் கட்டடத்தை ஏறுவதற்குச் சமம். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்குக் கால் மணி, நின்று நின்று ஏறுபவருக்கு அரை மணிக்கு மேல். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம்தான் அதிகம் நோகும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் இறங்கும்போது சுலபமாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். நடுவழியில் முடியாமல் போனால் மேலே தூக்கிவர லிஃப்டோ வண்டியோ இல்லை. ஐம்பது படி இறங்கி, திரும்ப ஏறிப் பார்த்து, மூச்சு எப்படி இருக்கிறது என்று கவனித்துவிட்டு முடிவு செய்வதுதான் வயதான பெற்றோருக்குப் பாதுகாப்பான வழி. இறங்க முடியாதவர்களுக்கு மேலே உள்ள பார்வைத் தளம் இருக்கிறது. அங்கிருந்து கோபுரமும் படிக்கட்டும் கடலும் முழுதாகத் தெரியும். நடக்கவே சிரமப்படுபவர்களும் மாற்றுத்திறனாளிகளுக்கான பார்க்கிங் அட்டை வைத்திருப்பவர்களும் முன்கூட்டியே பூங்காவைக் கேட்டுக்கொண்டால் பார்வையாளர் மையத்தின் அருகே வரை வாகனத்தில் போக வழி உண்டு. கைக்குழந்தை இருந்தால் தள்ளுவண்டியை விட்டுவிட்டு உடம்போடு கட்டிக்கொள்ளும் பையில் தூக்கி வாருங்கள்.

கோபுரம் வார்ப்பிரும்புத் தகடுகளைப் போல்ட் போட்டு இணைத்த பதினாறு பட்டைக் கட்டடம். உள்ளே இடம் குறைவு. ஒரு நேரத்தில் சிலரைத்தான் விடுவார்கள். காத்திருக்க நேர்ந்தால் பொறுமையாகக் காத்திருங்கள், அதற்குத் தகுந்த பலன் இருக்கிறது. உள்ளே நிற்பது முதல் தர (அன்றைய அளவு வரிசையில் மிகப் பெரிய வகை) ஃபிரெனல் லென்ஸ், பாரிஸில் 1867இல் செய்தது. 24 பலகங்கள், 1,032 கண்ணாடித் துண்டுகள். தென்னமெரிக்க முனையைச் சுற்றிக் கப்பலில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்து, அங்கிருந்து டிரேக்ஸ் கடற்கரையில் இறங்கி, மாட்டு வண்டியில் மேட்டின் மேல் ஏறி, பிறகு இந்தப் பாறையில் இறக்கப்பட்டது.

இந்த லென்ஸ் என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டு பார்த்தால் இன்னும் நன்றாக இருக்கும். வெறும் விளக்கின் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது. வானத்துக்கும் தரைக்கும் போகும் ஒளி கப்பலுக்குப் பயன்படாது. அதைக் குவிக்க ஒரே கண்ணாடியில் குவிலென்ஸ் செய்தால் தாங்க முடியாத கனமாகிவிடும், தடித்த கண்ணாடி ஒளியையும் விழுங்கும். பிரெஞ்சுப் பொறியாளர் ஒகுஸ்தென் ஃபிரெனல் லென்ஸை வளையம் வளையமாகப் பிரித்து, வேண்டாத தடிமனை நீக்கி, ஒவ்வொரு வளையத்துக்கும் தனிக் கோணம் கொடுத்தார். 1823இல் பிரான்ஸின் கொர்துவான் கலங்கரை விளக்கத்தில் அது முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. பாயின்ட் ரேய்ஸில் ஒவ்வொரு பலகத்தின் நடுவிலும் வட்டமான குவிலென்ஸ் இருப்பதைப் பாருங்கள். அதை ஒட்டிய வளையங்கள் ஒளியை வளைக்கின்றன. மேலும் கீழும் அடுக்கியிருக்கும் முப்பட்டகங்கள் ஒளியைத் தமக்குள்ளேயே பிரதிபலித்து அடிவானத்தை நோக்கித் திருப்புகின்றன. எதிரெதிர் வட்டங்கள் இரண்டும் ஒரே கோட்டில் வரும்படி நின்று பார்த்தால் அப்பால் இருப்பது தலைகீழாகத் தெரியும். இதே கண்ணாடி பகல் வெயிலையும் உள்ளே குவித்துத் தீப்பிடிக்க வைக்கும் என்பதால்தான் இத்தகைய விளக்கறைகளில் பகலில் திரை போட்டு வைப்பது வழக்கம்.

விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரவு முழுதும் சுடர் அணையவில்லை; அதைச் சுற்றி லென்ஸ்தான் சுழன்றது. 24 பலகங்களிலிருந்தும் 24 ஒளிக்கற்றைகள் சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைப் போல வெளியே நீண்டு சுற்றின. ஒவ்வொரு கற்றையும் கப்பலைக் கடக்கும்போது மாலுமிக்கு ஒரு மின்னல். ஒரு சுற்றுக்கு இரண்டு நிமிடம், ஆகவே ஐந்து விநாடிக்கு ஒரு மின்னல். அந்த இடைவெளியை எண்ணித்தான் இது எந்த முனையின் விளக்கு என்று மாலுமிகள் கண்டுகொண்டார்கள். சுழற்சி கொஞ்சம் பிசகினாலும் வேறொரு விளக்கு என்று தவறாக எண்ணிவிட வாய்ப்புண்டு.

அதனால்தான் கீழே உள்ள கடிகாரப் பொறியை அவசரமாகக் கடந்து போகாதீர்கள் என்கிறோம். லென்ஸைப் படமெடுத்துவிட்டு இதைப் பார்க்காமலே வெளியேறுபவர்கள் அதிகம். சணல் கயிற்றில் கட்டிய 170 பவுண்டு எடையை, விளக்கைப் பராமரித்த காவலர் கையால் சுற்றித் தரையிலிருந்து 9 அடி உயரத்துக்கு ஏற்றுவார். அது மெல்ல இறங்கி, தளத்தில் உள்ள சின்னக் கதவு வழியாக 17 அடி கீழே போகும். அந்த இழுவிசையில் பற்சக்கரங்கள் சுழன்று லென்ஸைத் திருப்பும். முழுதாக இறங்க 2 மணி 20 நிமிடம். அதற்குள் மறுபடி சுற்றி ஏற்றாவிட்டால் லென்ஸ் நின்றுவிடும். இதற்கிடையே ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த நான்கு வட்டத் திரிகளை அடிக்கடி கத்தரித்துச் சீராக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை படிந்து கண்ணாடி மங்கும். முதலில் எரித்தது பன்றிக் கொழுப்பு எண்ணெய். மின்சாரம் 1938இல்தான் வந்தது. ஒரு தலைமைக் காவலர், மூன்று உதவியாளர்கள், ஆறு மணி நேர முறை வைத்து வேலை. கான்கிரீட் போடுவதற்கு முன் மரப்படிகள்தான். காற்று மிகுந்த இரவுகளில் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழ்ந்து போயிருக்கிறார்கள். அதை மனதில் வைத்துக்கொண்டு அந்தக் கைப்பிடியையும் கயிற்றையும் பாருங்கள்.

1906 ஏப்ரல் 18 அதிகாலை 5:12க்கு வந்த சான் ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் இந்த முனை முழுவதும், கோபுரத்தோடு சேர்த்து, ஒரு நிமிடத்துக்குள் 18 அடி வடக்கே நகர்ந்தது. லென்ஸ் தன் தண்டவாளத்திலிருந்து விலகியதைத் தவிர வேறு சேதமில்லை. அன்று காலை 5:25க்கு எப்படியும் விளக்கை அணைத்திருப்பார்கள். பகலிலேயே காவலர்கள் லென்ஸைச் சரிசெய்து மாலையில் வழக்கம்போல் ஏற்றிவிட்டார்கள். ஆக இழந்தது 13 நிமிடம். பூங்கா ரேஞ்சர் யாராவது அருகில் இருந்தால் லென்ஸின் கீழே அந்தச் சக்கரங்களையும் தடத்தையும் காட்டச் சொல்லுங்கள். 2018இல் மூடி, பெரிய அளவில் பழுதுபார்த்து, 2019 நவம்பரில் மறுபடி திறந்ததால் எல்லாம் நல்ல நிலையில் இருக்கிறது.

குறை என்று சொல்வதானால் இரண்டு. லென்ஸ் அறை திறக்கும் நேரம் உறுதியாகத் தெரியாதது தூரத்திலிருந்து வருபவர்களுக்குப் பெரிய சிரமம். அடுத்து, விளக்கப் பலகைகளை மட்டும் நம்பினால் மேலே சொன்னவற்றில் பாதி பிடிபடாது. கேள்வி கேட்க வேண்டும். ரேஞ்சர்களும் தன்னார்வலர்களும் ஆசையோடு பதில் சொல்கிறார்கள்.

திமிங்கலத்துக்காக வருபவர்களுக்கு ஜனவரி நடுப்பகுதியும் மார்ச் நடுப்பகுதியும் உச்சம். ஆர்க்டிக் பகுதியிலிருந்து மெக்சிகோவின் பாஹா கலிஃபோர்னியா வரை போய்த் திரும்பும் சாம்பல் திமிங்கலங்கள் இந்த முனையை ஒட்டியே கடக்கின்றன. ஏப்ரல், மே மாதங்களில் தாயும் குட்டியும் கரைக்கு இன்னும் அருகே போகும். உடலைத் தேடாதீர்கள், அடிவானத்துக்குக் கீழே வெள்ளைப் புகைபோல எழும் மூச்சைத் தேடுங்கள். ஒன்று தெரிந்தால் அதே இடத்திலிருந்து கொஞ்சம் போகும் திசையில் பார்வையை வையுங்கள். மூன்று முதல் ஐந்து மூச்சு விட்டுவிட்டுச் சில நிமிடங்கள் மூழ்கிவிடும். காற்றில் கடல் முழுக்க வெள்ளை நுரை எழும் நாளில் எந்தப் புகையும் கண்ணுக்குத் தட்டாது. தூரநோக்கி அவசியம். படிக்கட்டு மூடியிருந்தாலும் இதைப் பார்வைத் தளத்திலிருந்தே பார்க்கலாம். கீழே உள்ள பாறைகளில் கடற்சிங்கங்களும், இனப்பெருக்கக் காலத்தில் நெருக்கி நிற்கும் மர் என்னும் கடற்பறவைகளும் தென்படும்.

கதவு மூடியிருக்கும் நாளில் வந்து மாட்டிக்கொண்டால், டிசம்பர் முதல் மார்ச் வரை என்றால் பக்கத்திலுள்ள சிம்னி ராக் பக்கம் திரும்புங்கள். யானை சீல்கள் கரையேறிக் கிடக்கும். மற்ற மாதங்களில் பேர் வேலி மையத்தின் நிலநடுக்கப் பாதை: அரை மைல் சொச்சம், சமதளம், வயதானவர்களும் நடக்கலாம். 1906இல் நிலம் நகர்ந்ததைக் காட்ட, சுமார் 16 அடி விலகி நிற்கும் வேலி ஒன்று அங்கே இருக்கிறது. எதைப் பார்த்தாலும் இருட்டுவதற்கு முன் முனையிலிருந்து கிளம்பிவிடுங்கள். சாலையில் விளக்கு கிடையாது, அந்தி சாய்ந்ததும் மான்கள் குறுக்கே வரும்.